குடிநோயிலிருந்து மீள இறைநம்பிக்கை எப்படி உதவுகிறது?

குடிக்கு அடிமையான ஒருவர் முஸ்லிம் வீட்டில் இருந்தால் அந்த வீட்டாருக்குச் சுமை இரண்டு. குடி ஒன்று, அதை மறைத்து வைப்பது மற்றொன்று. மகளின் சம்பந்தம் தட்டிப்போகுமோ, பள்ளிவாசலில் நாலு பேர் கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில் ஆண்டுக்கணக்கில் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு நாள் விஷயம் வெளியே வந்தால், "ஈமான் இருந்தால் இப்படிக் குடிப்பாரா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். கொஞ்சம் அன்பாகப் பேசுகிறவர்கள் "துஆ செய்யுங்கள், அல்லாஹ் மாற்றுவான்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

துஆ வேண்டாம் என்று எந்த முஸ்லிமும் சொல்ல மாட்டார். ஆனால் அல்லாஹ்வின் உதவி ஒரு குடிநோயாளிக்கு எந்தெந்த வழியாக வந்து சேர்கிறது, அதற்கு அவரும் குடும்பமும் ஜமாஅத்தும் என்ன செய்ய வேண்டும் என்று நாம் பேசுவது குறைவு. குடியிலிருந்து மீள்வதற்காக உலகெங்கும் பின்பற்றப்படும் ஒரு வழிமுறை, இறைவனிடம் தன்னை ஒப்படைப்பதையே அடிப்படையாகக் கொண்டது. அதைத் தொடங்கியவர்கள் முஸ்லிம்கள் அல்லர். ஆனாலும் அதில் நமக்கு நன்கு தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. தெரிந்தும் நாம் கைவிட்டுவிட்ட சிலவும் இருக்கின்றன.

அக்ரான் நகரில் இரண்டு குடிநோயாளிகள்

ரோலண்ட் ஹசார்ட் என்ற வசதியான அமெரிக்கர் குடியை விட முடியாமல் சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் கார்ல் யுங்கிடம் சிகிச்சைக்குப் போனார். சிகிச்சை முடிந்த பிறகும் மீண்டும் குடித்தார். யுங் அவரிடம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: மருத்துவத்தால் இனி பெரிதாக எதுவும் செய்ய முடியாது, உள்ளத்தைப் புரட்டிப் போடும் ஆன்மிக அனுபவம் ஒன்று வாய்த்தால் மீள வாய்ப்பு உண்டு. தன் தொழிலின் எல்லையை நோயாளியிடமே ஒப்புக்கொள்ளும் மருத்துவர்கள் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. ஹசார்ட், ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ ஆன்மிகக் குழுவில் சேர்ந்து தெளிந்தார். அவரிடமிருந்து இந்தச் செய்தி எபி தாட்சர் என்பவருக்குப் போனது. தாட்சர் தன் பழைய குடி நண்பரான பில் வில்சனிடம் அதைக் கொண்டுபோனார்.

வில்சன் நியூயார்க் பங்குச் சந்தையில் தொழில் செய்து, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். கடவுள் பேச்சு என்றாலே ஒதுங்கிப் போகிறவரும்கூட. இறைவனைத் தனக்கு விளங்குகிற விதத்தில் எண்ணிக்கொண்டு தொடங்கினால் போதும் என்று தாட்சர் சொன்னது அவரை அசைத்தது. 1934 டிசம்பரில் மருத்துவமனைப் படுக்கையில் மனம் உடைந்து இறைவனைக் கூப்பிட்டார். அதன் பிறகு 1971இல் இறக்கும்வரை அவர் குடிக்கவில்லை.

இந்தக் கதையில் பலரும் அந்த மருத்துவமனை இரவைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஐந்து மாதம் கழித்து நடந்தது. 1935 மே மாதம் ஒரு வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் அக்ரான் நகருக்குப் போனார் வில்சன். வியாபாரம் முறிந்துவிட்டது. கையில் காசும் இல்லை. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார். ஒரு பக்கம் மதுக்கூடத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. போய் உட்கார்ந்துவிடலாமா என்று மனம் இழுக்கிறது. அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரார்த்தனை மட்டும் செய்திருந்தால் அந்த இரவு தாண்டியிருக்குமா என்பது சந்தேகம்தான். அவர் தொலைபேசியை எடுத்து, அந்த ஊர் மதகுருமார்களின் எண்களில் ஒன்றைக் கூப்பிட்டார். பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் அறுவைச் சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தின் அறிமுகம் கிடைத்தது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள் 1935 ஜூன் 10. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ, தன் பிறந்த நாளாக இன்றும் அந்தத் தேதியைத்தான் வைத்திருக்கிறது.

1939இல் அவர்கள் வெளியிட்ட புத்தகத்தில் பன்னிரண்டு படிகள் உள்ளன. முதல் மூன்று படிகளின் கருத்து இது: மதுவின் முன் நாங்கள் சக்தியற்றுப் போனோம், எங்களைவிடப் பெரிய ஒரு சக்தியால்தான் எங்களைச் சீராக்க முடியும், எங்கள் வாழ்க்கையை அந்த இறைவனின் பொறுப்பில் விட முடிவு செய்தோம். குழுவில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் இருந்ததால், இறைவனை அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சொற்களைச் சேர்த்தார்கள். இந்தியாவில் இந்த அமைப்பு 1957இல் மும்பையில் தொடங்கியது. இன்று தமிழ்நாட்டின் பல ஊர்களில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன.

முதல் படியும் நம் பாங்கும்

"சக்தியற்றவன்" என்ற சொல் நம்மில் சிலருக்கு உறுத்தும். ஆனால் முஅத்தின் "ஹய்ய அலஸ் ஸலாஹ்" என்று அழைக்கும்போது நாம் என்ன பதில் சொல்கிறோம்? "லா ஹவ்ல வலா குவ்வத்த இல்லா பில்லாஹ்." அல்லாஹ்வைக் கொண்டே தவிர எந்த ஆற்றலும் எந்த வலிமையும் இல்லை என்பது அதன் பொருள். தொழுகைக்கு எழுந்து போவதற்குக்கூட என்னிடம் சக்தி இல்லை, அவன் தந்தால்தான் உண்டு என்று ஒவ்வொரு பாங்கிலும் ஒப்புக்கொள்கிறோம்.

அப்படியானால் முஸ்லிம் குடிநோயாளி பிறக்கும்போதே முதல் படியில் நிற்கிறாரா என்றால், இல்லை. அல்லாஹ் இருக்கிறான், மது ஹராம், மறுமை உண்டு என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்காது. கூடவே இன்னொரு நம்பிக்கையும் அவருக்குள் இருக்கும்: "நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவேன்." இந்த இரண்டாவது நம்பிக்கைதான் நோயைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. குடும்பம் "ஈமான் இல்லை" என்று திட்டும்போது அவர் தன் ஈமானைத்தான் தொட்டுப் பார்க்கிறார். அது அங்கே இருப்பது அவருக்குத் தெரியும். ஆகவே திட்டு அவரைத் தைக்காமல் போய்விடுகிறது. உடைய வேண்டியது தன் கட்டுப்பாட்டின் மேல் அவர் வைத்திருக்கும் தவக்குல்.

சக்தியற்றவன் என்றால் பாவத்துக்குப் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். பொறுப்பு உண்டு. முதல் கிளாஸ் உள்ளே போன பிறகு நிறுத்துவது அவர் கையில் இல்லாமல் போகலாம். ஆனால் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் மருத்துவரிடம் போவதும், அந்தக் கடை இருக்கும் தெருவைத் தவிர்ப்பதும், மாலையில் மனம் இழுக்கும்போது ஒருவருக்குப் போன் செய்வதும் அவர் கையில்தான் இருக்கிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வை என்ற நபி (ஸல்) அவர்களின் அறிவுரை திர்மிதியில் பதிவாகியுள்ளது. கட்டும் கயிறு இவைதான்.

மதீனாவில் உள்ளம் முந்தியது

மது தடை செய்யப்பட்ட வரலாறு நாம் அடிக்கடி கேட்டதுதான். அதிலிருக்கும் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் மதுவில் பெரும் பாவமும் சில பயன்களும் உண்டு, பாவமே பெரிது என்று சொல்லப்பட்டது (2:219). பிறகு போதையில் தொழுகையை நெருங்காதீர்கள் என்று வந்தது (4:43). ஐந்து நேரத் தொழுகை உள்ள ஒருவருக்கு இதன் பிறகு குடிக்கக் கிடைத்த நேரம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள். ளுஹர், அஸர், மஃரிப், இஷா எல்லாம் அடுத்தடுத்து வருகின்றன. இஷாவுக்குப் பிறகும் ஃபஜ்ருக்குப் பிறகும்தான் இடைவெளி. குடி நாளின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டது. அதன் பிறகே முழுத் தடை இறங்கியது (5:90, 91).

ஆயிஷா (ரலி) அவர்கள் இதை விளக்கியிருப்பது புகாரியில் இருக்கிறது. முதலில் இறங்கியவை சொர்க்கம், நரகம் பற்றிய வசனங்கள். மக்கள் உள்ளங்கள் இஸ்லாத்தின் பக்கம் திரும்பிய பிறகே ஹலால் ஹராம் சட்டங்கள் வந்தன. எடுத்த எடுப்பில் குடிக்காதீர்கள் என்று வந்திருந்தால் ஒருபோதும் விட மாட்டோம் என்றிருப்பார்கள் என்பது அவர்கள் கூற்றின் கருத்து. உள்ளம் தயாரானபோது என்ன நடந்தது என்பதற்கு அனஸ் (ரலி) அவர்கள் சாட்சி. அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அவர் மது பரிமாறிக்கொண்டிருந்தபோது தடை அறிவிப்பு தெருவில் கேட்டது. உடனே கொட்டச் சொன்னார்கள். மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

இன்று யாருக்கும் படிப்படியாகக் குடிக்க அனுமதி உண்டு என்று இதற்குப் பொருள் இல்லை, தடை முழுமையாகிவிட்டது. ஆனால் மதீனாவின் வெற்றியில் நாம் மறந்துவிடும் ஒன்று இருக்கிறது. அன்று ஊரே சேர்ந்து விட்டது. பக்கத்து வீட்டிலும் குடம் உடைந்தது. இன்றைய குடிநோயாளி தனியாக விட வேண்டியிருக்கிறது. அவர் வேலைக்குப் போகும் வழியில் டாஸ்மாக் இருக்கிறது. அவர் நண்பர்கள் இன்னும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ரமளான் சொல்லித் தருவது

நம் குடும்பங்களில் பலரும் கண்டது இது: பதினொரு மாதம் குடித்தவர் ரமளான் முழுக்கத் தொடுவதில்லை. பெருநாள் இரவு மீண்டும் தொடங்கிவிடும். "ஒரு மாதம் விட முடிகிறதே, நான் எப்படி அடிமை?" என்று அவரே வாதாடுவார். வீட்டாரும் அதை நம்பிவிடுவார்கள்.

அந்த ஒரு மாதத்தில் உண்மையில் என்னென்ன மாறியது என்று பார்த்தால் விஷயம் விளங்கும். மாலை நேரம், அதாவது வழக்கமாகக் குடிக்கும் நேரம், நோன்பு திறப்பதற்குப் போய்விட்டது. மஃரிபுக்குப் பிறகு வீட்டார் அனைவரும் ஒன்றாக உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். இஷாவுக்குப் பிறகு தராவீஹில் தோளோடு தோள் நிற்கும் ஆட்கள் வேறு. ஸஹருக்கு எழ வேண்டியிருப்பதால் இரவு விழிப்பு இல்லை. ஊரே ஒரே கட்டுப்பாட்டில் இருக்கிறது. அவரை யாரும் குடிகாரர் என்று பார்ப்பதில்லை, நோன்பாளி என்று பார்க்கிறார்கள். ஷவ்வால் பிறை தெரிந்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே இரவில் கலைகிறது. விட முடிந்தது அவருடைய தனி வலிமையால் என்றால், பெருநாளன்று அது எங்கே போனது? ரமளானில் அவரைத் தாங்கியதில் ஒரு பகுதியையாவது ஷவ்வாலுக்குக் கொண்டுபோவதுதான் சிகிச்சை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் மாலை, பள்ளிவாசலுக்குக் கூட்டிப் போகும் ஒரு தோழர், திங்கள் வியாழன் நோன்பு. பெரிய விஷயங்கள் எதுவும் தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. தினமும் அதிகமாகக் குடித்தவர் முதல் நோன்பன்று திடீரென்று நிறுத்துவது ஆபத்தாக முடியலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை சில மணி நேரத்தில் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் சிலருக்கு இடம் காலம் தெரியாத குழப்பமும் இல்லாதவை தெரிவதும் ஏற்படும். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர், கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஜின் பிடித்துவிட்டது என்று ஓதிப் பார்க்க அழைத்துப்போய் நேரத்தை இழந்துவிடக் கூடாது. ஓதுங்கள், ஆம்புலன்ஸில் ஓதுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்தவர், காலையில் எழுந்ததும் குடித்தால்தான் நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவர், ஷஅபான் மாதத்திலேயே மருத்துவமனையில் சேர்ந்து மருந்துகளின் துணையோடு நிறுத்த வேண்டும். இந்த நாட்களில் மருத்துவர்கள் நடுக்கத்துக்கு மாத்திரையும் தயாமின் என்ற வைட்டமின் பி1 ஊசியும் தருவார்கள். பிறகு ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் உண்டு. டைசல்ஃபிராம் என்ற மாத்திரையை மட்டும் நோயாளிக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கக் கூடாது. அதன் மேல் குடித்தால் கடுமையான எதிர்விளைவு ஏற்படும். சில குடும்பங்கள் இதைச் செய்கின்றன, நல்ல எண்ணத்தில்தான். அது விஷம் வைப்பதற்குச் சமம்.

நாற்பது நாள் என்ற தவறான புரிதல்

குடித்தவரின் தொழுகை நாற்பது நாள் ஏற்கப்படாது என்ற ஹதீஸ் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் உள்ளது. இதைக் கேட்ட பலர், "எப்படியும் ஏற்கப்படாது, பின் எதற்குத் தொழ வேண்டும்?" என்று பள்ளிவாசலையே விட்டுவிடுகிறார்கள். இமாம் நவவி போன்ற அறிஞர்கள் தரும் விளக்கம், கூலி கிடைக்காது என்பதுதான். தொழுகைக் கடமை நீங்குவதில்லை. தொழாவிட்டால் இன்னொரு பெரிய பாவம் சேரும். தவ்பா செய்தால் அல்லாஹ் மன்னிக்கிறான் என்ற செய்தியும் அதே ஹதீஸில்தான் இருக்கிறது. அதை ஜும்ஆ பயானில் சேர்த்துச் சொல்லாமல் விடும்போது, மீள வேண்டியவருக்கு மிகவும் தேவைப்படும் வாசலை நாமே அடைத்துவிடுகிறோம். போதை தெளிந்ததும் குளித்து, அடுத்த வக்துக்கு வரச் சொல்லுங்கள். நேற்று இரவு என்ன நடந்தது என்று ஸஃப்பில் நிற்பவர் கேட்க வேண்டியதில்லை.

இதோடு ஒட்டிய இன்னொன்று, குர்ஆன் மேல் சத்தியம் வாங்குவது. உம்மா அழுவார், மனைவி பிள்ளைகளை முன்னே நிறுத்துவார், "இனி வாழ்நாளில் தொட மாட்டேன்" என்று அவர் சத்தியம் செய்வார். அந்த நேரத்தில் அவர் பொய் சொல்வதில்லை, முழு மனதோடுதான் சொல்கிறார். பதினைந்து நாளில் முறிந்ததும் குற்ற உணர்ச்சி இரட்டிப்பாகி, அதை மறக்கவே இன்னும் அதிகம் குடிப்பார். சத்தியத்தை முறித்ததற்குப் பரிகாரம் குர்ஆனிலேயே உள்ளது: பத்து ஏழைகளுக்கு உணவு அல்லது உடை, இயலாதவருக்கு மூன்று நாள் நோன்பு (5:89). அதை நிறைவேற்றிவிட்டுத் தொடர வேண்டும். ஆனால் வாழ்நாள் சத்தியத்தை வற்புறுத்தி வாங்குவதே நல்ல முறை இல்லை என்பது என் கருத்து. ஏஏ கூட்டங்களில் இன்று ஒரு நாள் மட்டும் என்கிறார்கள். நம்மிடம் அதைவிடச் சிறிய அளவுகோல் இருக்கிறது. ஃபஜ்ரிலிருந்து ளுஹர்வரை. ளுஹரிலிருந்து அஸர்வரை. ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹாவில் உதவியையும் நேர்வழியையும் புதிதாகக் கேட்கிறோம். நேற்றுக் கேட்டது இன்றைக்குப் போதும் என்று யாரும் விட்டுவிடுவதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

2020இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட மறுஆய்வு 27 ஆய்வுகளை, மொத்தம் 10,565 பேரின் தரவுகளை, சேர்த்துப் பார்த்தது. ஏஏ வழியில் முறைப்படி ஈடுபடுத்தப்பட்டவர்களில் ஓராண்டு முடிவில் முழுமையாகக் குடியை விட்டிருந்தவர்கள் 42 சதவீதம். வேறு சிகிச்சைகள் பெற்றவர்களில் 35 சதவீதம். இறைநம்பிக்கை சார்ந்த வழி, உளவியல் சிகிச்சைக்குக் குறைந்தது இல்லை என்பது இதில் தெரிகிறது. பாதிப் பேருக்கு மேல் அந்த ஓராண்டில் ஒரு முறையாவது வழுக்கியிருக்கிறார்கள் என்பதும் தெரிகிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஹார்வர்டின் ஜான் கெல்லியும் சக ஆய்வாளர்களும், பிராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் பங்கேற்ற 1,726 பேரின் தரவுகளைக் கொண்டு ஆராய்ந்தார்கள். முக்கியக் காரணமாகத் தெரிந்தது சேர்க்கை மாறுவது: குடிக்கும் நண்பர்கள் குறைந்து குடிக்காத நண்பர்கள் கூடுவது. ஆன்மிகம் வலுப்பட்டதும் ஒரு காரணம். நோய் முற்றியவர்களிடம் அதன் பங்கு கூடுதலாகத் தெரிந்தது.

இதைப் படித்தபோது தொண்ணூற்றொன்பது கொலை செய்தவரின் ஹதீஸ்தான் நினைவுக்கு வந்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள ஹதீஸ். அவர் முதலில் போய்க் கேட்ட வணக்கசாலி உனக்குத் தவ்பா இல்லை என்றார். அவரையும் கொன்று நூறாக்கினார். அடுத்துப் போய்க் கேட்ட அறிஞர் தவ்பா உண்டு என்றார். அதோடு நிறுத்தவில்லை. உன் ஊருக்குத் திரும்பாதே, அது கெட்ட ஊர். இன்ன ஊருக்குப் போ, அங்கே அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சேர்ந்து வணங்கு என்றார். மன்னிப்பும் சேர்க்கை மாற்றமும் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன.

முஸ்லிம்கள் ஏஏ கூட்டத்துக்குப் போகலாமா?

நம் ஊர்களில் இந்தக் கூட்டங்களுக்கு தேவாலய வளாகத்திலோ கிறிஸ்தவப் பள்ளியின் வகுப்பறையிலோ இடம் கிடைப்பது உண்டு. அதைப் பார்த்ததும் சிலர் தயங்குகிறார்கள். ஏஏ எந்த மதத்தையும் சேர்ந்ததில்லை, உறுப்பினராக ஒரே தகுதி குடியை விடும் விருப்பம்தான், கட்டணமும் இல்லை. "நாம் புரிந்துகொண்ட இறைவன்" என்ற இடத்தில் ஒரு முஸ்லிம் மனத்தில் வைக்க வேண்டியது அல்லாஹ்வைத்தான். அங்கே அதைத் தடுப்பவர் எவரும் இல்லை. கூட்ட முடிவில் நம் அகீதாவுக்கு ஒவ்வாத பிரார்த்தனை ஏதாவது சொல்லப்பட்டால் அமைதியாக இருந்துவிட்டு வரலாம்.

பாவத்தைப் பிறர் முன் சொல்லலாமா என்ற கேள்வி இதைவிடப் பொருட்படுத்த வேண்டியது. அல்லாஹ் மறைத்த பாவத்தைத் தானே விடிந்ததும் ஊருக்குச் சொல்பவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். பெருமையடிக்கவோ அலட்சியமாகவோ சொல்வதற்கும் நோயிலிருந்து மீள உதவி கேட்டுச் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு. மருத்துவரிடம் எதையும் மறைக்காமல் சொல்வதை யாரும் குறை சொல்வதில்லை. கூட்டத்தில் முழுப் பெயரோ ஊரோ கேட்பதில்லை, அங்கே கேட்டதை வெளியே சொல்வதில்லை என்பது அவர்களின் கண்டிப்பான வழக்கம். மனம் சஞ்சலப்பட்டால் நம்பிக்கையான ஓர் ஆலிமிடம் கேட்டுத் தெளியலாம்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முஸ்லிம்கள் 1989இல் மில்லத்தி இஸ்லாமி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பன்னிரண்டு படிகளை குர்ஆன், சுன்னாவின் வெளிச்சத்தில் மாற்றி அமைத்து, பெயரில்லாத பெரிய சக்தி என்று இருந்த இடத்தில் அல்லாஹ் என்றே வைத்துக்கொண்டார்கள். நம் ஜமாஅத்துகளிலும், பள்ளிவாசலை ஒட்டிய ஓர் அறையில், வாரம் ஒரு மாலை, மீண்ட ஒருவரும் மீள நினைக்கும் இரண்டு பேரும் உட்கார்ந்தால் போதும், இது தொடங்கிவிடும். செலவு தேநீருக்கு மட்டும்.

சபிக்க வேண்டாம்

நபி (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்ற ஒருவர் இருந்தார். நபி (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர். குடித்ததற்காகத் திரும்பத் திரும்பத் தண்டனை பெற்றவர். ஒரு முறை கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்காதீர்கள், அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிக்கிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இதே போன்ற இன்னொரு சந்தர்ப்பத்தில், உங்கள் சகோதரருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்யாதீர்கள் என்றும் சொன்னார்கள். இரண்டும் புகாரியில் உள்ளவை. தண்டனை நிறைவேற்றப்பட்டது, செயல் பாவம் என்பதில் எந்தச் சலுகையும் இல்லை. ஆனால் அவர் உள்ளத்தில் இருந்த நேசத்துக்கு எல்லோர் முன்னும் சாட்சி சொல்லப்பட்டது. இத்தனை முறை தவறியவருக்கு.

உமர் (ரலி) அவர்கள் பற்றி இப்னு கஸீர் தம் தஃப்ஸீரில் தரும் செய்தியும் இதே வகை. ஷாம் நாட்டு நண்பர் ஒருவர் குடியில் விழுந்துவிட்டதாகக் கேள்விப்பட்டதும், பாவங்களை மன்னிப்பவன், தவ்பாவை ஏற்பவன், கடுமையாகத் தண்டிப்பவன் என்று அல்லாஹ்வை அறிமுகப்படுத்தும் அல்முஃமின் அத்தியாயத்தின் தொடக்க வசனங்களை (40:1-3) எழுதி அனுப்பினார்கள். அருகில் இருந்தவர்களிடம் அவருக்காக துஆ செய்யச் சொன்னார்கள். அந்த மனிதர் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்து அழுது குடியை விட்டார். அச்சமும் நம்பிக்கையும் ஒன்றாக வைத்து எழுதிய ஒரே ஒரு தனிக் கடிதம். கொடிக்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டவில்லை.

குடும்பம் நிற்க வேண்டிய இடம்

அன்பு காட்டுவது என்றால் அவர் கடனை அடைப்பது, முதலாளிக்குப் போன் செய்து காய்ச்சல் என்று பொய் சொல்வது, உடைத்த பொருளைப் பிள்ளைகள் எழுவதற்குள் மறைப்பது என்றுதான் பல வீடுகளில் நடக்கிறது. குடியின் விளைவு ஒவ்வொன்றையும் மனைவியோ வாப்பாவோ தாங்கிக்கொண்டால், விட வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வர வழியில்லை. இதை உணர்ந்துதான் பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். கணவரின் குடியைத் தன்னாலும் கட்டுப்படுத்த முடியாது என்று மனைவியும் முதல் படியை ஏற வேண்டும் என்பது அவர்கள் அனுபவம். சென்னையில் 1980இல் டிடிகே மருத்துவமனையைத் தொடங்கிய சாந்தி ரங்கநாதன், குடியால் கணவரை இழந்தவர். அங்கேயும் நோயாளியோடு குடும்பத்தாருக்கும் தனியாகப் பயிற்சி உண்டு.

அடி உதை இருக்கும் வீட்டில் "சப்ர் செய்" என்று பெண்ணிடம் சொல்வதை நாம் நிறுத்த வேண்டும். சப்ர் என்பது அடி வாங்குவது என்று மார்க்கம் சொல்லவில்லை. அவளும் பிள்ளைகளும் தாய்வீட்டில் பாதுகாப்பாக இருந்துகொண்டே அவருக்கு சிகிச்சை ஏற்பாடு செய்யலாம். பெண்களுக்கான உதவி எண் 181. போதை மீட்புக்கான தேசிய இலவச எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே குடிநோய்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம்.

முதல் நாள் அவரோடு கூடப் போக ஓர் ஆள் வேண்டும். பெரும்பாலும் மனைவியோ உம்மாவோ அழைத்தால் வர மாட்டார்; மச்சானோ, பழைய பள்ளித் தோழரோ, இமாமோ கூப்பிட்டால் வருவார். காலையில், தெளிவாக இருக்கும்போது கூப்பிட வேண்டும். அட்மிஷன் முடிந்து வீடு திரும்பும் வாரத்தில் அதே ஆள் மஃரிபுக்கு வந்து வாசலில் நின்றால் நல்லது. மீண்டும் குடித்துவிட்டால் அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், மருந்தை மாற்றுவார். அடுத்த நாள் மஃரிபுக்கும் அந்த ஆள் வர வேண்டும்.